பழைய லேப்டாப்பில் லினக்ஸ் போட்ட நான்கு நாட்கள்

நாற்பது வயதைத் தாண்டி ஐ.டி.யில் மேனேஜராக இருப்பவர்களுக்கு ஒரு வியாதி வரும். பத்து வருடமாக எக்செல் ஷீட்டைத் தவிர வேறு எதையும் தொட்டிருக்க மாட்டார்கள். ஆனால் கம்ப்யூட்டரைப் பற்றி யாராவது வாயைத் திறந்தால் போதும், நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சட்டைக் கையை மடித்துவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். எனக்கு அந்த வியாதி நன்றாக முற்றியிருந்தது. அவதிப்பட்டவள் என் மனைவி.

எட்டு வருடம் கழித்து அவளுக்கு ஒரு இன்டர்வியூ வந்திருந்தது. குழந்தை பிறந்தபோது விட்ட வேலை. அதற்குப் பிறகு அவள் போட்ட விண்ணப்பங்களில் பதில் வந்தது இந்த ஒன்றுக்குத்தான். புதன்கிழமை காலை பதினொரு மணிக்கு, வீடியோவில். ஸ்கிரீனைப் பகிர்ந்து கணக்குப் போட்டுக் காட்ட வேண்டும், அதனால் மொபைலில் வரக்கூடாது என்று மெயிலிலேயே எழுதியிருந்தார்கள். என் ஆபீஸ் லேப்டாப்பில் வெளி மீட்டிங் எதுவும் திறக்காது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவள் என்னிடம் கேட்டது ஒன்றுதான்: ஒரு லேப்டாப்புக்கு ஏற்பாடு பண்ண முடியுமா?

ஏற்பாடு எதற்கு? பரணில் அவளுடைய பழைய லேப்டாப் இருக்கிறதே. ஆன் செய்தால் குக்கர் மூன்று விசில் விட்ட பிறகுதான் அதில் ஏதாவது தெரியும். அதனாலென்ன, விண்டோஸை எடுத்துவிட்டு லினக்ஸ் போட்டால் பறக்கும் என்றேன். புதன்கிழமைக்குள் ஆகிவிடுமா என்று கேட்டாள். நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தாலும் எனக்கு நானே ஒரு அறை விட்டுக்கொள்ளலாம் போலிருக்கிறது.

நாங்கள் இருப்பது ஆவடியை ஒட்டிய பருத்திப்பட்டில். பால்கனியில் நின்றால் ஏரி தெரியும் என்று சொல்லி விற்ற ஃபிளாட்; ஏரி தெரியாது, ஏரியின் கொசு மட்டும் தவறாமல் வரும். வீட்டுக்கு ஒரு ஐ.டி. ஆள், ஆளுக்கு இரண்டு லேப்டாப். எல்லோருக்கும் சேர்த்து ஒரு வாட்ஸப் குரூப். தண்ணீர் லாரி, பார்க்கிங், யார் வீட்டு நாய் என்ற மூன்று விஷயங்களைத் தவிர அங்கே நான்காவதாக எதுவும் நடந்ததில்லை. சனிக்கிழமை மத்தியானம் நான் நடத்திவைத்தேன். ஒரே மணி நேரத்தில் லினக்ஸ் ஏறிவிட்டது. போட்டோ எடுத்து, பதிமூன்று வயது லேப்டாப்புக்கு மறுபிறவி, யாருக்காவது உதவி தேவைப்பட்டால் தயங்காமல் கேட்கவும் என்று எழுதிப் போட்டேன். கட்டைவிரல்கள் வரிசையாக வந்தன. எதிர் வீட்டுக்காரர் மட்டும், "வைஃபை வேலை செய்யுதா?" என்று கேட்டுப் பக்கத்தில் ஒரு சிரிப்புப் பொம்மையும் வைத்திருந்தார்.

அப்போதுதான் பார்த்தேன். வைஃபை இல்லை.

அந்த வைஃபை சிப்பை ஓட்டுவதற்கான டிரைவர் என்ற மென்பொருளை இன்டர்நெட்டிலிருந்து இறக்க வேண்டும். இன்டர்நெட்டுக்கு வைஃபை வேண்டும். லினக்ஸ்காரர்கள் கூடும் ஒரு தளத்தில், மொபைலிலிருந்து என் குறையை எழுதினேன். இந்தச் சிப் இருக்கும் லேப்டாப்பை ஏன் வாங்கினாய் என்று ஒருவர் கோபித்துக்கொண்டார். கேள்வி கேட்குமுன் தேடிப் பார்க்கும் பழக்கம் உண்டா என்று இன்னொருவர் கேட்டார். இதுபோல ஓசியில் திட்டு வாங்க உலகத்தில் வேறு இடம் கிடையாது.

ஞாயிற்றுக்கிழமை அதைத் தூக்கிக்கொண்டு ஆவடி மார்க்கெட் பக்கம் ஒரு மொபைல் சர்வீஸ் கடைக்குப் போனேன். கடைக்காரருக்கு என் வயதுதான் இருக்கும். நான் சிப்பின் வரலாற்றை ஆரம்பித்தேன். அவர் பாதியில் கையைக் காட்டி நிறுத்தினார்.

"இதுக்கு இன்னாத்துக்கு சார் இம்மாம் டென்ஷன்? போனை ஒயர்ல சொருவுங்க, நெட்டு வரும்."

சொருகினேன். வந்தது. வீட்டுக்கு வந்து, நிறைய ஆராய்ச்சி செய்து ஒரு மாற்று வழி கண்டுபிடித்ததாக மனைவியிடம் சொன்னேன். குரூப்பிலும் அதையே எழுதினேன்.

அடுத்தது காமிரா. திறந்தால் முகத்துக்குப் பதில் மஞ்சளும் சிவப்புமாக ஒரு மூட்டம். கையை ஆட்டினால் மூட்டத்துக்குள் ஏதோ அசைந்தது. இது நிச்சயம் டிரைவர் கோளாறு என்று முடிவு கட்டினேன். நிறங்களைத் தப்பாகப் படிக்கிறது என்று நானே ஒரு விளக்கமும் தயாரித்தேன். காய்ச்சல் என்று ஆபீசுக்குச் சொல்லிவிட்டு, திங்கட்கிழமை முழுக்க எவனோ எப்போதோ எழுதிவைத்த கமாண்டுகளை அர்த்தம் தெரியாமல் அடித்துக்கொண்டிருந்தேன். ஒரு கமாண்டில் ஸ்கிரீனே கறுத்துப்போனது. முதலிலிருந்து மறுபடி எல்லாவற்றையும் போட்டேன்.

மத்தியானம் அவள் வந்து பக்கத்தில் நின்றாள்.

"ஏங்க, எதிர் வீட்ல ஒரு நாளைக்குக் கேட்டுப் பார்க்கலாமா?"

அந்தச் சிரிப்புப் பொம்மைக்காரரிடமா? மானம் போய்விடாதா? வேண்டாம், இன்னும் ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும் என்றேன். அவள் நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். எங்கே என்று நான் கேட்கவில்லை. எனக்குக் கமாண்டு ஓடிக்கொண்டிருந்தது.

செவ்வாய்க்கிழமையும் காய்ச்சல் நீடித்தது. சாயங்காலம் வேறு வழியில்லாமல் அதே கடைக்குப் போனேன். டிரைவர், நிறம், கெர்னல் என்று நான் அடுக்கிக்கொண்டே போக, அவர் லேப்டாப்பை விளக்கு வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தார். காமிரா இருக்கும் சின்னக் குழியைச் சுண்டுவிரல் நகத்தால் சுரண்டினார். நகத்தை முகர்ந்தார். அதுவரை சார் என்று அழைத்தவர் அப்போதுதான் மாற்றினார்.

"நைனா, டிரைவர்லாம் ஒண்ணியும் இல்ல. சந்தனம் ஒட்டிகினு கீது. மேல குங்குமம் வேற."

ஆயுத பூஜை. வருடா வருடம் வண்டி, மிக்ஸி, லேப்டாப் எல்லாவற்றுக்கும் பொட்டு வைப்பது என் வேலை. வண்டிக்கு நெற்றி ஹெட்லைட். லேப்டாப்புக்கு நெற்றி எது என்று நானே யோசித்து, மூடியைத் திறந்து, ஸ்கிரீனுக்கு மேலே நட்டநடுவில் கட்டைவிரலால் அழுத்தி வைத்திருக்கிறேன். பிறகு துணியால் துடைத்ததில் வெளியே இருந்தது போனது. குழிக்குள் இருந்தது காய்ந்து கெட்டியாகிவிட்டது. இரண்டு நாளாக நான் கமாண்டு அடித்தது என் கையால் வைத்த சந்தனத்துக்கு. கடைக்காரர் பஞ்சில் ஏதோ தொட்டுத் துடைத்தார். ஸ்கிரீனில் என் முகம் தெளிவாகத் தெரிந்தது. பார்க்கச் சகிக்கவில்லை.

புதன்கிழமை காலை பத்தரை மணிக்கு மேஜையைத் துடைத்து லேப்டாப்பை வைத்தேன். காமிரா டிரைவரைச் சரிசெய்துவிட்டேன் என்றேன். அப்போதும் சந்தனம் என்ற வார்த்தை வாயில் வரவில்லை. அவள் நல்ல புடவை கட்டி, ஃபைலைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தாள்.

"எதிர் வீட்டு அக்காகிட்ட திங்கட்கிழமையே கேட்டுட்டேங்க. அவங்க லேப்டாப்புல ரெண்டு நாளா பேசிப் பழகியாச்சு. இதுல போய் புதுசா உட்கார எனக்குத் தைரியமில்ல."

எதிர்க் கதவு திறந்து மூடியது. நான் அந்தக் காமிராவுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தேன். எட்டு வருடம் காத்திருந்தவளின் ஒரு மணி நேரத்தை ஒரு சிரிப்புப் பொம்மைக்குப் பயந்து நான் பணயம் வைத்திருந்தேன். வெட்கமாக இருந்தது.

அடுத்த வாரம் வேலை கிடைத்துவிட்டதாக மெயில் வந்தது. குரூப்பில் போட வேண்டாம் என்று அவள் முதலிலேயே சொல்லிவிட்டாள். ஸ்வீட் வாங்கிவந்து, அப்படி என்னதான் கேட்டார்கள் என்று விசாரித்தேன். கணக்கெல்லாம் சுலபம்தானாம். கடைசியில் ஒன்று கேட்டார்களாம்: ஒரு வேலையில் மாட்டிக்கொண்டு, என்ன செய்தும் நகரவில்லை என்றால் என்ன பண்ணுவீர்கள்?

"நீ என்ன சொன்னே?"

"அரை மணி நேரம் நானே பார்ப்பேன், முடியலன்னா பக்கத்துல தெரிஞ்சவங்ககிட்ட கேட்டுடுவேன்னு சொன்னேன்." டப்பாவிலிருந்து ஒரு துண்டு எடுத்து என் கையில் வைத்தாள். "உங்களைப் பத்தி ஒண்ணும் சொல்லலைங்க."