பத்துத் தோட்டா

தணிகாசலத்துக்கு இடது காது கேட்காது. பாறை துளைக்கிற மிஷின் தின்ற காது. அவர் கத்திப் பேசுவதற்கு முத்தியால்பேட்டையில் எல்லோரும் அதைத்தான் காரணம் சொல்வார்கள். ஆடி மாதத்திலிருந்து அவர் கத்துவதற்குக் காரணம் அது இல்லை.

வேலை பார்த்த மில் மூடியபின் அவரும் தங்கை அமுதவல்லியின் புருஷன் வடிவேலும் வானூர்ப் பக்கம் கல்குவாரிக்குப் போனார்கள். இவர் பாறையில் குழி போடுவார், வடிவேல் அதில் வெடிமருந்துத் தோட்டா வைப்பான். அங்கே எல்லாம் எண்ணிக்கைதான். பத்துத் தோட்டா என்றால் வேப்பமரத்தடியில் நிற்கலாம், கல் அதுவரை வராது. ஆடியில் அந்த நாளும் பத்துதான், அதே மரத்தடிதான். கல் வந்தது. வடிவேல் மண்டை பிளந்து செத்தான். இன்னொருத்தனுக்குக் கால் போனது.

"பத்துக்கு இருபதா திணிச்சுட்டான்" என்று மேனேஜர் கோபிநாத் ஊரெல்லாம் சொல்லிவிட்டான். பெரிய மார்க்கெட்டில் பூ விற்ற அமுதவல்லி, கால் போனவன் பெண்டாட்டி அங்கே வந்து "உன் புருஷன் திணிச்சதுக்கு என் புருஷன் கால் போவணுமா?" என்று கேட்டதிலிருந்து கடைப் பக்கமே போவதில்லை.

உப்பளத்து சர்க்கார் ஆபீஸில் விசாரணை நடந்தது. வெடிமருந்துப் பரிசோதனைக் கூடத்திலிருந்து துர்கா என்ற அம்மா வந்திருந்தார்.

"எண்ணிக்கைய வச்சு பலத்தச் சொல்ல முடியாதுங்க. ஒவ்வொரு மருந்துலயும் ஒரே எடை எடுத்து, ஈயக் கட்டிக்குள்ள வச்சு வெடிப்போம். உள்ள எவ்வளவு குடைஞ்சிருக்குன்னு தண்ணி ஊத்தி அளப்போம். டி.என்.டி.ங்கிற மருந்த நூறுன்னு வச்சு மத்தத ஒப்பிடுவோம். இவங்க பழைய தோட்டா எழுபது. அன்னைக்குப் பிரிச்ச புதுப் பெட்டி நூத்திமுப்பது."

"அப்ப எம் மச்சான் வச்ச பத்து?"

"பழைய தோட்டாவுல பதினெட்டுக்கும் மேலங்க, ஐயா."

தணிகாசலம் கோபிநாத் பக்கம் திரும்பினார். "பெட்டி மாறுனது உனக்குத் தெரியுமாய்யா?"

"கம்பெனிக்காரன் அனுப்புறான், எறக்குறோம். நானும் அன்னைக்கு உங்களோடதான நின்னேன்?"

"எங்கய்யா நின்ன? தெனம் எங்ககூட மரத்தடியில வெத்தல போடுற ஆளு, அன்னைக்கு மட்டும் காரையும் எடுத்துக்கிட்டு எடைமேடைக்கு அப்பால போயி நின்ன. எனக்குக் காதுதான்யா போச்சு. கண்ணு போவல!"

கோபிநாத்தின் உதடு மட்டும் அசைந்தது.

"சத்தமா சொல்லுடா! பின்னாடி என் தங்கச்சி ஒக்காந்திருக்கா."

"பெட்டியில போட்டிருந்துச்சு... தள்ளி நிக்கணும்னு. சொன்னா அன்னைக்கு வேலை நின்னுடும்னு..."

"அவன் எத்தன வச்சான்? அதச் சொல்லு!"

"பத்துதான்."

"இங்க சொன்னது பத்தாது. கெளம்பு, பெரிய மார்க்கெட்டுக்கு. அங்க வந்து சொல்லு" என்று அவன் சட்டையைப் பிடித்தார் தணிகாசலம். யாரும் விலக்கிவிட எழுந்திருக்கவில்லை.