திவோங்கே பெயரில் இரண்டு சம்பளம்

திவோங்கே ம்சிஸ்காவுக்கு ஓரிடத்தில் உட்காரவே தெரியாது. மலாவியிலிருந்து ஜொகன்னஸ்பர்குக்கு மருந்தியல் படிக்க வந்த நாளிலிருந்து அப்படித்தான். தேநீரை நின்றுகொண்டே குடிப்பாள், போன் வந்தால் அறைக்கும் மாடிப்படிக்குமாக நடந்துகொண்டே பேசுவாள். "ஏன்டி, கால்ல சக்கரமா கட்டியிருக்கு?" என்று அறைத்தோழி கேலி செய்வாள். ஆனால் ஜொகன்னஸ்பர்கின் குளிர்காலமான அந்த ஜூலையில் அவள் நடந்த நடை வேறு. வரி அலுவலகத்திலிருந்து போனுக்கு ஒரு செய்தி வந்திருந்தது. உன் போன வருட வருமானத்தை நாங்களே கணக்குப் போட்டுவிட்டோம், இவ்வளவு வரி பாக்கி, கட்டு என்றது.

நியாயமா இது? முதலாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு வாரத்தில் சில மணி நேரம் கணக்குச் சொல்லிக்கொடுத்துப் பிழைப்பவளுக்கு எங்கிருந்து வந்தது வரி? வேறு யாராவதாக இருந்தால் தலையைப் பிய்த்துக்கொண்டிருப்பார்கள். திவோங்கேவுக்குக் காரணம் தெரியும். லிம்பானி அண்ணன்.

லிம்பானி நிரோங்கோ அவளுடைய பெரியம்மா மகன். அவளுக்கு முன்பே இங்கே பொறியியல் படிக்க வந்தவன். அவள் வந்து இறங்கிய அன்று பஸ் நிலையத்தில் அவள் பெட்டியைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு நடந்தவன். அவளுடைய முதல் அறை அவன் பெயரில், முதல் சிம் கார்டும் அவன் பெயரில். மலாவியிலிருந்து வந்த எங்கள் ஆட்களிடம் இது சகஜம். காகிதம் ஒழுங்காக உள்ளவன் பெயரில் மற்றவர்கள் ஒண்டிக்கொள்வார்கள். பெயரைக் கொடுப்பவளை யாரும் பெரிதாகப் புகழ மாட்டார்கள். மாட்டேன் என்று சொல்லிப் பார்க்கட்டும், அந்தப் பேச்சு அவளுக்கு முன்பே ஊர் போய்ச் சேர்ந்துவிடும்!

போன வருடம் அவன் வந்து கேட்டான். "ஓட்டல்ல பாத்திரம் கழுவுற வேலை கிடைச்சிருக்கும்மா. வரி நம்பர் கேக்குறாங்க. அந்த ஆபீஸ் வரிசையில நிக்க எனக்கு எங்க நேரம்? உன்னோடதைக் குடேன்."

கொடுத்தாள். சம்பளம் போட ஒரு கணக்கு வேண்டுமே என்று பழைய வங்கி அட்டையையும் கொடுத்தாள். அந்த ஓட்டல் அடுப்படியில் தாடி வைத்த லிம்பானியை எல்லோரும் "திவோங்கே, தட்டைக் கொண்டா!" என்று கூப்பிடுவார்களாம். அவன் நடித்துக் காட்ட, அவள் வயிறு வலிக்கச் சிரித்திருக்கிறாள்.

இப்போது சிரிப்பு வரவில்லை. கடைசி வருடப் படிப்புக்குப் பணம் தரும் அறக்கட்டளை, வரி பாக்கி இல்லை என்ற சான்றை இந்த மாதத்துக்குள் கேட்கிறது. பாக்கியைக் கட்டவும் வழியில்லை. கட்டினாலும், மாணவர் விசாவில் இத்தனை மணி நேரம்தான் வேலை செய்யலாம் என்று வரம்பு உண்டு. இரண்டு சம்பளமும் அவளுடையது என்றால் அந்த வரம்பு தாண்டிவிடும். சான்று இல்லாவிட்டால் படிப்பு போச்சு, மூட்டையைக் கட்ட வேண்டியதுதான்.

வரி அலுவலகத்தில் செரோகா அம்மா என்றொரு அதிகாரி. திவோங்கே நாற்காலி நுனியில் உட்கார்ந்து, "மேடம், ஒருத்தர் நம்பர்ல இன்னொருத்தர் வேலை பார்த்திருந்தா..." என்று இழுத்தாள்.

அந்த அம்மா கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தாள். "ஏம்மா, உங்களுக்கெல்லாம் புத்தியே வராதா? தனித்தனியா பார்த்தா ரெண்டு சம்பளமும் வரி போடுற அளவுக்கே வரல. ஒண்ணாச் சேர்ந்ததாலதான் வரி! அவங்கவங்க பேர்ல இருந்திருந்தா ரெண்டு பேருக்கும் ஒரு சென்ட்கூடக் கிடையாது."

"நிஜமாவா மேடம்?"

"நான் என்ன உனக்குக் கதையா சொல்றேன்? வியாழக்கிழமை அந்த ஆளைக் கூட்டிட்டு வா. அது என் சம்பளம்னு அவர் கையெழுத்துப் போட்டா, உன் கணக்கைத் திருத்திடலாம். வரலைன்னா அவர் பேரை நீ எழுதிக் கொடுக்கணும்."

ஓட்டமும் நடையுமாக ஓட்டலின் பின்வாசலுக்குப் போனாள். லிம்பானி ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்தான்.

"அண்ணே! வரியே கிடையாதாம்! வியாழக்கிழமை நீ வந்து ஒரு கையெழுத்துப் போட்டா போதும்!"

அவன் முகத்தில் ஈயாடவில்லை. "வியாழக்கிழமை எனக்கு வகுப்பு இருக்கு."

"ஜூலை லீவுல என்ன வகுப்பு?"

அவன் கை துடைத்த துணியை முறுக்கினான்.

"ரெண்டு தடவை ஃபெயில் ஆனேன். காலேஜ்ல வெளிய அனுப்பிட்டாங்க. விசாவும் போச்சு. என் பேரை அங்க கம்ப்யூட்டர்ல ஒரு தடவை தட்டினா போதும், பிடிச்சு ஊருக்கு ஏத்தி அனுப்பிடுவாங்க."

"வரிசையில நிக்க நேரமில்லன்னியே! பாவி! ஒரு வார்த்தை சொன்னியா என்கிட்ட?" அவள் அந்த முற்றத்திலேயே சுற்றிச் சுற்றி நடந்தாள். "உன் பட்டமளிப்புக்குப் பெரியம்மா துணி வாங்கி வச்சிருக்காங்க, தெரியுமா? தையக்காரன்கிட்டக் கொடுக்கட்டுமான்னு வாராவாரம் கேக்குறாங்க!"

"தெரியும். எந்தக் கலர்னு என்கிட்டதான் கேட்டாங்க. பச்சைன்னு சொன்னேன்."

அவளுக்கு அவனை அறையவும் தோன்றியது, கட்டிக்கொண்டு அழவும் தோன்றியது. இரண்டும் செய்யவில்லை.

"எத்தனை மணிக்கு?" என்று கேட்டான்.

"பத்து."

"சரி, நீ போ. வேலை கிடக்கு."

வருவேன் என்று சொல்லவில்லை. வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு அவன் போன் அணைந்தே கிடந்தது.

வியாழக்கிழமை அவள் வரி அலுவலக வாசலைப் பார்த்துக்கொண்டே நின்றாள். கதவு திறக்கும்போதெல்லாம் மனம் துள்ளியது, யார் யாரோ வந்தார்கள். அவள் முறை வந்ததும் பின்னால் நின்றவரை முன்னே விட்டாள். மறுபடியும் விட்டாள். கடைசியில் செரோகா அம்மாவே கை காட்டிக் கூப்பிட்டாள்.

"வரலையா?"

"இல்லை, மேடம்."

"பேரைச் சொல்லு."

சொன்னாள். ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னாள், அந்த அம்மா தட்டிக்கொண்டே வந்தாள். பாக்கி நீங்கிவிடும், சான்று அடுத்த வாரம் வரும் என்றார்கள். பெட்டியைத் தூக்கிச் சுமந்த அண்ணனை இந்த வாயாலேயே காட்டிக்கொடுத்துவிட்டோமே என்று நினைத்தபடியே வெளியே வந்து தெருவில் வேகமாக நடந்தாள். போன் அடித்தது. பெரியம்மா.

"திவோங்கே! லிம்பானி நேத்தே பஸ் ஏறிட்டானாம்மா! தென்னாப்பிரிக்க எல்லையைத் தாண்டிட்டேன்னு இப்பதான் பேசினான். எதையும் எடுத்துட்டு வரலம்மா, மிச்சத்தைத் திவோங்கே பார்த்துக்குவாள்னு மட்டும் சொன்னான். குரலே சரியில்ல. நீ சொல்லு, படிப்பை முடிச்சுட்டானா, இல்லையா?"

திவோங்கே நடப்பதை நிறுத்தினாள். தெருவோரக் கல்லில் உட்கார்ந்தாள்.

"முடிச்சுட்டான், பெரியம்மா."

"அப்போ அந்தப் பச்சைத் துணியைத் தைக்கக் கொடுத்திடவா?"

"கொடுங்க, பெரியம்மா."