வெட்டாமல் விட்ட வளையல்

கொரோனா அடங்கி, மலேசியாவின் ஜொகூர் மாநிலத்தில் பல்கலைக்கழகங்கள் மறுபடி திறந்த சமயம். என் மகள் காய்ச்சலில் இறந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. பாலோ ஊரில் எங்கள் வீட்டுக்குள்ளேயே கிடக்க முடியாமல், பாதியில் விட்ட ஆராய்ச்சிப் படிப்புக்குத் திரும்பினேன். பழங்காலத்தில் உலோகங்களை எப்படி உருக்கினார்கள், எதை எதோடு கலந்தார்கள் என்று சோதித்துப் பார்க்கும் படிப்பு. அங்கே யாரிடமும் மகளைப் பற்றிச் சொல்லவில்லை.

கோத்தா திங்கி பக்கம் ஆற்றங்கரையில் தோண்டியபோது கிடைத்த வெண்கல வளையம் ஒன்று என்னிடம் வந்தது. ரொம்பச் சின்னது. ஏதோ பாத்திரத்தின் கைப்பிடி என்றுதான் நினைத்தோம். அதில் ஒரு துண்டு வெட்டி உள்ளமைப்பைப் பார்க்கச் சொல்லியிருந்தார் என் மேற்பார்வையாளர். அதிகம் பேசாத மலாய்க்கார அம்மா அவர்; முனைவர் பட்டம் பெற்றவர் என்பதால் டாக்டர் என்றுதான் கூப்பிடுவோம்.

வெட்டும் முன் நுண்ணோக்கியில் வைத்து மண்ணை நீக்கினேன். உள்பக்கம் பச்சை நிறத்தில் மெல்லிய சில்லு ஒன்று ஒட்டியிருந்தது. எலும்பு. எங்கள் பக்கத்து மண்ணின் அமிலம் எலும்பைக் கரைத்துவிடும். செம்புக் களிம்பு ஊறிய இடம் மட்டும் சில சமயம் தப்பும். அது கைப்பிடி இல்லை, ஒரு குழந்தையின் வளையல்.

மேற்பார்வையாளரைக் கூப்பிட்டேன். குனிந்து வெகுநேரம் பார்த்தார். பிறகு மலாயில் மெதுவாக, "எத்தனை வயசு இருக்கும்?" என்றார்.

"நாலு வயசு, டாக்டர். பாலர் பள்ளியில பேரு குடுத்து வச்சிருந்தோம்."

சொன்ன பிறகுதான் யாரைச் சொன்னேன் என்று எனக்கே உறைத்தது.

அவர் போய் வெட்டும் இயந்திரத்தின் சுவிட்சை அணைத்தார். நாற்காலியை இழுத்துப் போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்து, அவள் பெயரைக் கேட்டார். சொன்னேன். வீட்டில்கூட நாங்கள் வாய்விட்டுச் சொல்லாத பெயர்.

வெட்டாவிட்டால் ஆய்வு குறைபடுமே என்று பிறகு தயங்கினேன்.

"தெரியாதத தெரியலன்னு எழுதுங்க" என்றார்.

எக்ஸ்ரே மட்டும் எடுத்தோம். வளையலில் ஓர் இடத்தில் வேறு துண்டு ஒன்றை வைத்து ஒட்டியிருந்தது தெரிந்தது. கை வளர வளர யாரோ அதைப் பெரிதாக்கியிருக்கிறார்கள்.

வெட்டிப் பார்க்காததால் அந்த வெண்கலத்தில் செம்போடு கலந்த தகரம் சரியாக எவ்வளவு என்று எனக்கு இன்றும் தெரியாது. ஆனால் பிள்ளைகள் எத்தனை பேர் என்று யாராவது கேட்டால், இப்போதெல்லாம் பேச்சை மாற்றாமல், ஒரு மகள் இருந்தாள் என்று சொல்கிறேன்.