நோயில்லாத வீட்டில் வேப்பிலை

ஏழு வயதில் எனக்கிருந்த பெருமைக்கு அளவேயில்லை. வகுப்பில் எல்லோருக்கும் தட்டம்மை ஊசி, எனக்குக் கிடையாது. சிறுநீரக வருத்தத்துக்காக நான் குடித்துக்கொண்டிருந்த மருந்து நிற்கும்வரை அந்த ஊசி கூடாதென்று டொக்டரே எழுதிக் கொடுத்திருந்தார். கையைத் தடவிக்கொண்டு அழுத பிள்ளைகள் நடுவில் நான் மகாராணிபோல உலாவினேன்.

ஊசிக்குத் தப்பிய இன்னொருவன் சென்னை மாமாவின் மகன். மாமா எங்களுக்குச் சொந்தமில்லை. ஆக்லாந்தின் ஒடாஹுஹு பகுதியில் எங்கள் தெருவிலேயே இருந்தவர். அம்மை என்பது அம்மன் வருவது, அதை ஊசி போட்டுத் தடுப்பது எங்கள் மதத்துக்கு ஆகாது என்று பள்ளிக்கூடத்தில் ஆங்கிலத்தில் வெளுத்து வாங்கிவிட்டு வந்தவர். அம்மா சும்மா விடுவாளா? கடை வாசலிலேயே பிடித்துக்கொண்டாள்.

"நானும் அதே அம்மனைத்தானே கும்பிடுறன். எனக்குச் சொல்லாததை உங்களுக்கு மட்டும் எப்ப சொன்னவ?"

மாமா சிரித்து மழுப்பினார். "அதெல்லாம் அவங்கவங்க நம்பிக்கைதான் அக்கா."

அந்தக் குளிர்காலத்தில் பள்ளிக்கூடத்துக்குள் தட்டம்மை வந்தது. ஊசி போடாத எங்கள் இருவரையும் வீட்டில் இருக்கச் சொல்லிவிட்டார்கள். எனக்கு ஒரே கொண்டாட்டம். சனிக்கிழமை என் பிறந்தநாள் வேறு. எனக்கு அந்த நோய் வந்தால் உடம்பு தாங்காதென்று டொக்டர் அம்மாவிடம் சொல்லியிருந்தாராம். அதையெல்லாம் நான் வளர்ந்த பிறகுதான் அறிந்தேன். அம்மா எல்லோருக்கும் போன் போட்டு, யாரும் வரவேண்டாமென்றாள். நம் சனம் கேட்குமா? "பார்ட்டி வேண்டாம், சும்மா எட்டிப் பாத்திட்டுப் போறம்" என்றார்கள்.

சனிக்கிழமை காலையில் அம்மா வேலியோரத்து மரத்தில் ஒரு கொத்து இலையை முறித்து வந்து வாசற்கதவில் செருகினாள். ஆக்லாந்தில் வேம்புக்கு எங்கே போவது? தூரத்தில் பார்க்க வேப்பிலை மாதிரி இருந்தது, அது போதும். அம்மை கண்ட வீடென்று நினைத்து, வந்தவர்கள் பரிசைத் தபால்பெட்டிமேல் வைத்துவிட்டு வந்த வழியே திரும்பினார்கள். எனக்கு அம்மையுமில்லை, ஒரு வருத்தமும் இல்லையென்று யன்னலால் கத்தப்போன என் வாயை அம்மா பொத்தினாள். எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல.

கடைசியாகச் சென்னை மாமா வந்தார். பள்ளிக்கூடத்துக்குத்தானே போகக்கூடாது, பிறந்தநாளுக்கு வந்தாலென்ன என்று மகனையும் கையோடு கூட்டி வந்திருந்தார். அவன் இருமிக்கொண்டிருந்தான், கண்ணெல்லாம் சிவப்பு. அழைப்புமணியை அழுத்தப்போன மாமா, இலையைக் கண்டதும் கையை இழுத்துக்கொண்டார். சப்பாத்தைக் கழற்றினார். கதவைப் பார்த்துக் கும்பிட்டார்.

"பாப்பாவுக்கு அம்மை போட்டிருக்கா அக்கா?"

"ஓம்" என்றாள் அம்மா, கதவைத் திறக்காமலே.

மாமா மகனை இழுத்துக்கொண்டு வேகமாய்ப் போய்விட்டார்.

திங்கட்கிழமை மாமா வீட்டிலிருந்து போன் வந்தது. பையனுக்கு உடம்பெல்லாம் தட்டம்மை. நல்லவேளை, பிறகு தேறிவிட்டான். அம்மா ரிசீவரை வைத்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்து, என்னை இழுத்து மடியில் போட்டுக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதாள். யாருமே வராமல் அவ்வளவு பெரிய கேக் வீணாய்ப் போன கவலையாக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

"அழாதேங்கோ அம்மா," என்றேன். "மிச்சம் முழுக்க நானே சாப்பிடுறன்."