தேர் அன்றைக்கு ஓட்டிய ஷிப்டு

ஜூலை ஏழாம் தேதி, சம்பளம் ஏறிவிட்டதாகப் போனில் வந்த மெசேஜை ஞானபாக்கியம் மூன்று தடவை படித்தாள். பத்தாயிரத்துச் சொச்சம் வர வேண்டிய இடத்தில் ஐயாயிரம்கூட முழுசாக இல்லை. பேங்க்காரன்தான் ஏதோ குளறுபடி பண்ணிவிட்டான் என்று நினைத்தாள். இருபத்திரண்டு வருஷம் வேலை பார்த்த மில்லைச் சந்தேகப்பட அவளுக்கு மனசு வரவில்லை. அந்த நல்ல மனசை வைத்துத்தான் மில்காரர்கள் இத்தனை காலமும் பிழைத்திருக்கிறார்கள்.

வன்னியம்பட்டிக்காரி. வயது நாற்பத்தாறு. பனியன் கம்பெனி வேலைக்கென்று திருப்பூர் போன புருஷன் அங்கேயே இன்னொரு குடும்பமாகிவிட்டான். அதைப் பற்றி அவள் பேசமாட்டாள், நாமும் பேச வேண்டாம். மகள் பியூலா நர்சிங் இரண்டாம் வருஷம். ஞானபாக்கியம் ராஜபாளையத்தில் ஒரு ஸ்பின்னிங் மில்லில் மிஷின் ஓட்டுகிறாள். ஓட்டுவது என்றால் உட்கார்ந்து ஓட்டுவதல்ல. நூல் சுற்றும் நீளமான மிஷின்களுக்கு நடுவே எட்டு மணி நேரமும் நடந்துகொண்டே, அறுந்த இழையை எல்லாம் விரலால் ஒட்டிக்கொண்டே போக வேண்டும். செத்த நேரம் நின்றால் பத்து இழை அறுந்து தொங்கும்.

அந்த மில்லில் எங்கேயும் எழுதி வைக்காத ஏற்பாடு ஒன்று உண்டு. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆடிப்பூரத் தேர் ஓடும் அன்று பகல் ஷிப்டில் மிஷின் ஓட்டும் மாரிசெல்விக்கு லீவு வேண்டும். வேதக்கார வீட்டு ஞானபாக்கியம் தன் நைட் ஷிப்டு காலை எட்டு மணிக்கு முடிந்ததும் வீட்டுக்குப் போகாமல் மாரிசெல்வியின் ஷிப்டையும் சேர்த்து ஓட்டிவிடுவாள். கிறிஸ்துமஸுக்கு மாரிசெல்வி அதைத் திருப்பிச் செய்வாள். பூக்குழி, பெரிய வெள்ளி, கோயில் கொடை எல்லாவற்றுக்கும் இதே ஏற்பாடுதான். மேஸ்திரி ஹமீது இரண்டு பேருக்கும் வருகை போட்டுவிடுவார். பெருநாள் அன்று அவர் இடத்தில் வேறொரு மேஸ்திரி நிற்பார். முதலாளிக்கு இதில் ஒரு பைசா நஷ்டம் கிடையாது. எந்தச் சாமிக்குத் திருவிழா வந்தாலும் மிஷின் நிற்காது.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் முகம் பார்த்து வருகை போடுகிற கருவி வந்தது. அதற்குத் தேரும் தெரியாது, கிறிஸ்துமஸும் தெரியாது. மாரிசெல்வி முகம் காட்டவில்லை என்று ஒரு நாள் கூலி நானூற்று அறுபதை வெட்டியது. ஞானபாக்கியம் பதினாறு மணி நேரம் உள்ளே இருந்தாள் என்று ஓவர்டைம் போட்டு, இரட்டைக் கூலி தொள்ளாயிரத்து இருபதைக் கொடுத்தது. இவள் பதறிப்போய் ஆபீசில் சொன்னாள். "கம்ப்யூட்டர் சரியாத்தாம்மா போடும், போங்க" என்று அனுப்பிவிட்டார்கள். அதனால் மாரிசெல்விக்கு வெட்டின நானூற்று அறுபதை அவள் கையில் கொடுத்தாள். மிச்சத்தை, கூட நின்ற காலுக்கு என்று வைத்துக்கொண்டாள். மாரிசெல்வி ஓட்டிய நாட்களில் அவளும் அப்படியே செய்தாள். இரண்டு பேருக்குள் ஒரு நாளும் மனத்தாங்கல் வந்ததில்லை.

அந்தப் பணத்தைத்தான் மில் இப்போது பிடித்துக்கொண்டது. ஆடிட்டர் வந்து பார்த்தாராம், அனுமதியில்லாத ஓவர்டைமாம், தவறுதலாக ஏறிவிட்டதாம். இரண்டு வருஷத்தில் அப்படி ஓட்டிய ஆறு ஷிப்டுக்கு ஐயாயிரத்து ஐந்நூற்று இருபது ரூபாய். முன்கூட்டி ஒரு வார்த்தை கிடையாது. கொடுத்தபோது கேட்டால் கம்ப்யூட்டர் சரி, எடுக்கும்போது கேட்டால் கம்ப்யூட்டர் தப்பு. என்ன நியாயம் இது?

மறுநாள் ஷிப்டு முடிந்ததும் தலையில் ஒட்டிய பஞ்சைக்கூடத் தட்டாமல் ஞானபாக்கியம் எச்.ஆர். ரூமுக்குப் போனாள். எச்.ஆர். பொன்னுராஜ் வேலைக்கு வந்து ஒரு வருஷம் ஆகிறது. குளிர்ந்த அறை, குளிர்ந்த பேச்சு.

"கூடுதலா வந்ததத்தாம்மா எடுத்திருக்கோம். உங்க பணத்துல கை வைக்கல."

"சரி சார். மாரிசெல்விக்கு வெட்டுன கூலியத் திருப்பிக் குடுத்தீகளா?"

"அது எப்படிம்மா? அவங்க அன்னைக்கு வரலைல்லா?"

"அவ வரல, அவளுக்குக் கூலி இல்ல. நான் ஓட்டுனதுக்கு அனுமதி இல்ல, எனக்கும் கூலி இல்ல. அப்ப அந்த எட்டு மணி நேரம் மிஷின ஓட்டுனது யாரு சார், பேயா? நூலு வந்துச்சுல்லா? அத வித்தீகல்லா?"

இப்படிக் கேள்வி வந்தால் ஆபீசில் மேஜையிலிருந்து ஒரு காகிதம் எடுப்பார்கள். பொன்னுராஜும் எடுத்தார். இதில் கையெழுத்துப் போட்டால் மனிதாபிமான அடிப்படையில் பிடித்த பணத்தை இன்றைக்கே திருப்பி ஏற்றிவிடுவோம், மாசம் ஐந்நூறாகக் கழித்துக்கொள்ளலாம் என்றார். ஞானபாக்கியம் எழுத்துக்கூட்டி வாசித்தாள். 'எனக்குச் சேராத தொகையைப் பெற்றுக்கொண்டதை ஒப்புக்கொள்கிறேன்' என்று இருந்தது.

பியூலாவுக்குப் பதினைந்தாம் தேதிக்குள் பரீட்சைப் பணம் நாலாயிரத்து ஐந்நூறு கட்ட வேண்டும். பேனாவைக் கையில் வாங்கியும்விட்டாள். ஆனால் 'சேராத' என்ற இடத்தைக் கண் தாண்ட மறுத்தது. ஆறு நாள், நைட்டும் பகலுமாக, கால் வீங்க நடந்த நடை அவளுக்குச் சேராதா?

"நான் திருடல சார்" என்று பேனாவை வைத்துவிட்டு எழுந்து வந்தாள்.

பியூலா போனில் சத்தம் போட்டாள். "ஒரு கையெழுத்துதானம்மா, போட்டுத் தொலைச்சா என்ன? எனக்கு பரீட்சை இருக்குல்லா?"

"போட்டா நான் களவாணின்னு ஆயிரும்ட்டி. ஓம் பணத்துக்கு நான் பொறுப்பு, வை போன."

மகளிர் குழுவில் வட்டிக்கு வாங்கிக் கட்டினாள். அந்த வட்டியும் மில்காரன் தலையில்தான் விடிய வேண்டும். ஆனால் எந்த மில்காரன் தலையில் எது விடிந்திருக்கிறது?

மாசக் கடைசியில் ஆடிப்பூரம் வந்தது. காலை எட்டு மணிக்கு நைட் ஷிப்டு முடிந்து கை கழுவிக்கொண்டிருந்தவளிடம் ஹமீது வந்தார். அவர் நல்ல மனுஷன். அதனால்தான் அவர் முகம் தொங்கிப்போயிருந்தது.

"ஏம்மா பாக்கியம், மாரிசெல்வி வரல. எப்பவும்போல நின்னு ஓட்டிரும்மா."

"நிக்கேன் அண்ணாச்சி. இன்னைக்குப் பகல் ஷிப்டு ஞானபாக்கியம் ஓட்டுதா, அதுக்குக் கூலி உண்டுன்னு ஒரு வரி எழுதி, அந்த சார்ட்ட கையெழுத்து வாங்கித் தாங்க."

ஹமீது பொன்னுராஜுக்குப் போன் போட்டார். அந்தப் பக்கத்துப் பேச்சு இவளுக்கே கேட்டது. எழுத்தெல்லாம் எதுக்கு, நிக்கச் சொல்லுங்க, பொறவு பாத்துக்கலாம்.

"அவிய பொறவு பாக்கட்டும்" என்று ஞானபாக்கியம் வாசலுக்கு நடந்தாள். வெளியே போகும்போது அந்தக் கருவிக்கு முகத்தை நன்றாகக் காட்டினாள். எட்டு மணி ஆறு நிமிஷம் என்று குறித்துக்கொண்டது.

வன்னியம்பட்டிக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் வழியாகத்தான் போக வேண்டும். தேர்க்கூட்டத்தில் பஸ் ஊருக்கு வெளியிலேயே நின்றுவிட, இறங்கி நடந்தாள். தூக்கம் கண்ணைச் சொருகியது, கோபம் தூங்க விடவில்லை. ரதவீதி முனையில் கூட்டம் நெருக்கித் தள்ள, நிமிர்ந்து பார்த்தாள். எதிரே தேர் அசைந்து வந்துகொண்டிருந்தது. பக்கத்து ஊர்க்காரிதான். ஆனால் இந்த இருபத்திரண்டு வருஷமும் இதே நேரத்தில் மிஷினுக்கு நடுவே நடந்துகொண்டிருந்தவள். இத்தனை உயரமா இது என்று வாய்விட்டே சொல்லிவிட்டாள்.

வடத்தை விட்டுவிட்டு ஒருத்தி கூட்டத்தைக் கிழித்துக்கொண்டு ஓடி வந்தாள். மாரிசெல்வி. முகத்தில் ஈயாடவில்லை.

"அக்கா, நீங்க இங்க நிக்கீங்க! அப்ப அங்க மிஷின யாரு ஓட்டுதா?"

"யாரும் ஓட்டலட்டி, நிக்குது" என்றாள் ஞானபாக்கியம். "இத்தன நாளும் யாரு ஓட்டுனான்னு இப்பத் தெரியும்லா மில்காரனுக்கு."