டிராக்டருக்கு வெள்ளிக்கிழமைக் குளியல்

கெடாரில் எங்கள் பழைய டிராக்டருக்கு வெள்ளிக்கிழமை தவறாமல் குளியல் உண்டு. தான் சாப்பிட்ட தட்டைக்கூடக் கழுவாத என் கணவர், கிணற்று மோட்டாரைப் போட்டு, டியூபில் தண்ணீரைப் பீய்ச்சி, அதைக் குளிப்பாட்டிப் பொட்டு வைப்பார். கியர் ஆயில் மாற்றத்தான் அவருக்கு நேரமிருந்ததில்லை.

ஒருநாள் கியர் விழவே இல்லை. கூட்டேரிப்பட்டிலிருந்து வந்த மெக்கானிக் அடியிலிருந்த போல்ட்டைக் கழற்றினார். முதலில் தண்ணீர் கொட்டியது. பிறகு கேப்பைக் கூழ் மாதிரி ஆயில் வழிந்தது.

"கியர் கம்பிக்குக் கீழ ரப்பர் கிழிஞ்சிருக்குதுங்க. நீங்க அடிக்கிற தண்ணியெல்லாம் உள்ள போய்க்கினு இருக்குது. புது ரப்பர் போடுற வரைக்கும் கழுவாதீங்க."

கணவர் பக்தியோடு தலையாட்டினார். புது ஆயில் ஊற்றிவிட்டு மெக்கானிக் கிளம்பினார். அன்று வெள்ளிக்கிழமை. அவர் தெருமுனை திரும்புவதற்குள் கிணற்று மோட்டார் ஓடும் சத்தம் கேட்டது.