நான் நின்றதற்கு ஒரே சாட்சி

நான் நின்றேன். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் எங்கள் குடும்பத்தில் இன்றுவரை அதை நம்பாத ஆட்கள் இருக்கிறார்கள்.

கிள்ளானில் வளர்ந்த எனக்குக் கடல் என்றால் பந்திங் தாண்டிப் போனால் வரும் சேற்றுக்கரைதான். அங்கே வரும் அலை கணுக்காலை நனைத்தாலே பெரிய விஷயம். அதனால் அலைச்சறுக்கு விளையாட நான் போனது கடலுக்கு அல்ல, கோலாலம்பூரில் ஒரு பேரங்காடிக்கு. ஏர்கோன் போட்ட கட்டடத்துக்குள் சரிவான மெத்தை ஒன்று. கீழிருந்து மேலாக அதன்மேல் மெஷின் தண்ணீரைப் பீய்ச்சியடிக்கும். பலகையோடு இறங்கி, ஓடிவரும் தண்ணீரை எதிர்த்து நின்ற இடத்திலேயே சறுக்க வேண்டும். சுற்றிலும் ஜனங்கள் ஐஸ்கிரீம் சாப்பிட்டுக்கொண்டே வேடிக்கை பார்ப்பார்கள்.

செராஸில் இருந்த பெரியம்மா மகன், என்னைவிட இரண்டு வயது மூத்த அண்ணன், தான் அதில் ஏறி நின்ற வீடியோவைத் தீபாவளியன்று எல்லோருக்கும் டிவியில் போட்டுக் காட்டினான். முறுக்கைக் கடித்துக்கொண்டு வீடே வாயைப் பிளந்து பார்த்தது. நான் சும்மா இருந்திருக்கலாம். என் வாய் சும்மா இருக்குமா? "இது என்ன பெரிய விஷயம், நானும் நிப்பேன்" என்றேன்.

"நீயா? நீ சைக்கிள்லயே ஒழுங்கா நிக்க மாட்டே லா. வீடியோ காட்டு, அப்ப நம்புறேன்" என்றான் அண்ணன். பெரியப்பாகூடச் சிரித்தார். பதினோரு வயதில் எனக்கு அதைவிடப் பெரிய மானப் பிரச்சினை வந்ததில்லை.

அம்மாவைச் சம்மதிக்க வைப்பதற்குள் பள்ளி விடுமுறை பாதி போய்விட்டது. அம்மாவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பிள்ளைக்குக் கண் பட்டுவிடும் என்ற பயம் அவருக்கு எப்போதும் உண்டு. உங்க மகள் நல்லா படிக்கிறாள் என்று டீச்சர் சொன்னால், "எங்க டீச்சர், வீட்டுல ஒரு கிளாஸ் கழுவ மாட்டா" என்பார். எவ்வளவு நீளமான முடி என்று பக்கத்து வீட்டு ஆன்டி தொட்டுப் பார்த்தால், "எல்லாம் பேன் ஆன்டி" என்று முடித்துவிடுவார். என்னைப் பற்றி அவருடைய உண்மையான அபிப்பிராயமே அதுதான் என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன்.

போகிற அன்று காலையில் அம்மா எனக்குத் தலையிலிருந்து கால்வரை தேங்காய் எண்ணெய் தேய்த்தார். அங்கே பீய்ச்சுகிற தண்ணீரில் மருந்து கலந்திருப்பார்கள், தோல் கறுத்துவிடும், முடி கொட்டிவிடும் என்று அவருக்குக் கவலை. உள்ளங்காலைக்கூட விடவில்லை. அதற்குமேல் நீளக்கை சட்டையை மாட்டி அனுப்பினார்.

அப்புறம் என்ன, வழுக்கினேன். பலகையில் படுத்தால் நான் ஒரு பக்கம், பலகை ஒரு பக்கம். தண்ணீர் என்னைத் தூக்கிச் சரிவின் உச்சிக்குக் கொண்டுபோய்ப் பின்சுவரில் ஒட்டியது. மறுபடி வரிசையில் நின்று மறுபடி போனாலும் அதே கதிதான். சொல்லிக்கொடுக்க நின்ற மலாய்க்கார அண்ணன் என் கையைப் பிடித்துத் தூக்கப் பார்த்தார். என் கை அவர் பிடியிலிருந்து நழுவிப் போனது. அவர் தன் உள்ளங்கையை முகர்ந்து பார்த்துவிட்டு, வேலிக்கு அந்தப் பக்கம் நின்ற அம்மாவைப் பார்த்தார்.

"ஆன்டி, மின்யாக் போட்டா?"

"ஆமா தம்பி, தேங்காய் மின்யாக். ஸ்கின்னுக்கு நல்லது" என்றார் அம்மா.

"கேனாட் லா ஆன்டி! ஸ்லிப்பரி!" என்று அந்த அண்ணன் தலையில் கை வைத்துக்கொண்டார். கழுவிவிட்டு வந்தால்தான் அடுத்த முறை, அதுவும் நேரம் முடிவதற்குள் வந்தால்தான்.

அம்மா என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு உணவுக்கடைகள் பக்கம் ஓடினார். வாழையிலைச் சாப்பாட்டுக் கடையில், "அண்ணே, பாத்திரம் கழுவுற சோப் கொஞ்சம் குடுங்கண்ணே, அவசரம்" என்று ஒரு கப்பில் வாங்கினார். பெண்கள் கழிவறையில் என்னை நிற்கவைத்துத் தேய்த்த தேய்ப்பில் எண்ணெய் போனது, பாதித் தோலும் போனது. எலுமிச்சை வாசனையோடு திரும்பி ஓடினோம். எனக்கு ஒரே ஒரு முறைதான் மிச்சம்.

"அம்மா, நான் நிக்கிறதைக் கரெக்டா எடுங்க. விட்டுறாதீங்க" என்று கெஞ்சினேன். அம்மா போனை இரண்டு கையாலும் நெஞ்சுக்கு நேராகப் பிடித்துக்கொண்டார்.

முதலில் முழங்கால். அடுத்து ஒரு பாதம். காலுக்குக் கீழே தண்ணீர் இரைந்தது, பல் எல்லாம் கிடுகிடுத்தது. என் கையைப் பிடித்திருந்த மலாய்க்கார அண்ணன் விட்டுவிட்டார். விட்டபிறகும் நான் நின்றேன்! இடுப்பை வளைத்து, இரண்டு கையையும் விரித்து, ஒரு வாய் தேத்தண்ணீர் குடிக்கிற நேரம் நின்றேன். அந்தச் சந்தோஷத்தை இன்னும் எதுவும் மிஞ்சவில்லை. பட்டம் வாங்கியதுகூட இல்லை. விழுந்ததும் சிரித்துக்கொண்டேதான் விழுந்தேன்.

அதுவரை கீழே காரில் காத்திருந்த அப்பா எங்களை அங்கிருந்து நேரே செராஸுக்குக் கொண்டுபோனார். பெரியம்மா வீட்டு வரவேற்பறையில் எல்லோரும் அம்மாவின் போனைச் சுற்றிக் கூடினோம். வீடியோவில் நான் வழுக்கியது இருந்தது. சுவரில் ஒட்டியது இருந்தது. கடைசி வீடியோவில் முழங்கால் வரைக்கும் இருந்தேன். அதன்பிறகு படம் ஒரு குலுங்கு குலுங்கி, கூரை விளக்குகளும் அம்மாவின் செருப்பும் யாரோ ஒருவரின் ஐஸ்கிரீமும் மாறி மாறி வந்தன. தண்ணீர் இரைச்சலுக்கு மேலே அம்மா கத்திக்கொண்டிருந்தார். "நின்னுட்டா! ஐயோ நின்னுட்டா! மை டாட்டர் ஆன்டி, மை டாட்டர்! அனாக் சாயா!" என் பிள்ளை என்பதை மலாயிலும் ஒரு தரம். யாரோ ஒரு சீனப் பெண்மணி, "வாவ், சோ கிளெவர்" என்றார். "யெஸ்! வெரி கிளெவர்!" என்றார் அம்மா. அந்தக் குரல் எங்கள் எல்லோர் காதிலும் விழத்தான் செய்தது. நான் படத்தில் என்னைத் தேடிக்கொண்டிருந்தேன்.

"எங்க நின்னே? கூரைதான் நிக்குது" என்று அண்ணன் தரையில் உருண்டு சிரித்தான்.

நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா சொன்னால் போதும், பெரியம்மா நம்பிவிடுவார். அம்மா தேத்தண்ணீரைக் கீழே வைத்துவிட்டு, "என்னத்தைச் சொல்றது போங்க. வழுக்கி வழுக்கி விழுந்ததுதான் மிச்சம்" என்றார்.

கிள்ளான் வரும்வரை நான் காரில் அம்மாவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

வீட்டுக்குள் நுழைந்ததும் அம்மா கைப்பையைக்கூடக் கழற்றாமல் அடுப்படிக்குப் போனார். கை நிறையக் கல்லுப்பும் காய்ந்த மிளகாயும் அள்ளிக்கொண்டு வந்து, என்னை உட்காரவைத்துச் சுற்றினார். வழக்கத்தைவிட அதிக நேரம் சுற்றினார். "பார்த்த கண்ணு, சிரிச்ச கண்ணு, பெத்தவ கண்ணு" என்று அவர் வாய் முணுமுணுத்துக்கொண்டே இருந்தது.

"விழுந்தவளுக்கு எதுக்கு இதெல்லாம்?" என்றேன்.

"வாயை மூடிக்கிட்டுத் துப்பு" என்றார்.

விழுந்து அடிபட்டதற்குத்தான் சுற்றிப்போடுகிறார் என்று நினைத்துக்கொண்டு, அம்மாவின் முகத்தை நிமிர்ந்துகூடப் பார்க்காமல், மூன்று தரம் துப்பினேன்.